திரைக்குள் போன கோப்பைகள்

என் கணவர் நூர்முகமதுவுக்கு நாக்கு கிடையாது. பேசுகிற நாக்கு இருக்கிறது, தேவைக்கு மேலேயே இருக்கிறது. ருசி பார்க்கிற நாக்குதான் இல்லை. பதினைந்து வயதில் பிடித்த வெற்றிலையும் புகையிலையும் அதை மழுங்கடித்துவிட்டன. ஏலக்காய் டீயையும் அரிசி கழுவிய தண்ணீரையும் கண்ணைக் கட்டிக் கொடுத்தால், இரண்டையும் குடித்துவிட்டு "நல்லா கீது" என்பார். இப்படிப்பட்ட மனுஷர்தான் செங்கல்பட்டு பஜாரில் டீத்தூள் கடையில் உட்கார்ந்திருந்தார். கடை நடந்தது. காரணம், கடைக்கு வேறு ஒரு நாக்கு இருந்தது.

அந்த நாக்கு என் ஓரகத்தி ஹபீபாவுடையது. என் கணவரின் அண்ணன் ஷேக் தாவூதின் மனைவி. அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய கடை, நாங்கள் நாலு பேரும் சேர்ந்து இருந்த வீடு. அண்ணனை நான் பெரியவர் என்பேன், ஹபீபாவை லாத்தா என்று கூப்பிடுவேன், எங்களில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். இரண்டு ஜோடிக்கும் பிள்ளை இல்லை. ஆனால் எதிர் எதிர் அறையில் இருந்த அந்த இரண்டு கல்யாணமும் ஒன்று இல்லை.

மத்தியானத் தொழுகை முடித்துப் பெரியவர் வீட்டுக்கு வருவார். கையில் பழைய பேப்பரில் மடித்த ஐந்தாறு பொட்டலம் இருக்கும். எல்லாம் குன்னூர் இலைதான், ஒன்றில் சுக்கு, ஒன்றில் நன்னாரி வேர், ஒன்றில் காய்ந்த கிச்சிலிப் பழத் தோல், ஒன்றில் ரோஜா இதழ் என்று கலந்திருப்பார். பம்ப் ஸ்டவ்வைத் தானே பற்றவைத்து, தானே கொதிக்கவைத்து, வடிகட்டி, லாத்தா முன்னால் வரிசையாகக் கோப்பைகளை வைப்பார். டீயைப் போட்டவர் ருசி பார்க்கக் கூடாது என்பது அவர் சட்டம். போட்டவருக்குத் தன் டீ எப்போதும் நல்லதாகவே படுமாம்.

லாத்தா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வாயாகக் குடிப்பார். "இது புதுப் பொண்ணு. முதல்ல தலையக் குனிஞ்சிகினு கீது, அப்புறமா வாயத் தொறக்குது" என்பார். அடுத்ததை உறிஞ்சிவிட்டு, "இது படாளம் பஸ்ஸு. தூரத்துல சத்தம் மட்டும் கேக்குது, கிட்ட வரவே மாட்டேங்குது" என்பார். பெரியவர் விழுந்து விழுந்து சிரிப்பார். பிறகு அளவை மாற்றி மறுபடி போடுவார். நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். பொறாமைதான், மறைப்பானேன். பதினோரு வருஷத்தில் என்னிடம் யாரும் "எப்படி இருக்கு?" என்று எதைப் பற்றியும் கேட்டதில்லை.

எழுபத்தாறாம் வருஷத் தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், கடையில் உட்கார்ந்தபடியே பெரியவர் போய்விட்டார். முந்தின நாள் மாலைதான் பிறை பார்த்திருந்தோம். லாத்தா இத்தாவில் உட்கார்ந்தார். புருஷன் இறந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், நகை இல்லை, பூ இல்லை, அத்தர் இல்லை, அந்நிய ஆண் முகத்தில் முழிக்கக் கூடாது. புருஷனின் தம்பியும் அந்நியன்தான். அதனால் டீப்பெட்டிகள் அடுக்கியிருந்த பின்னறையை ஒழித்துக் கொடுத்து, வாசலில் ஒரு பச்சைத் திரையைத் தொங்கவிட்டோம். அறைக்குப் பின்னால் கையகலக் கொல்லை. லாத்தாவின் வானம் அவ்வளவுதான்.

அந்தச் சமயம் பார்த்து மாமல்லபுரத்திலிருந்து ஏசுதாஸ் வந்தார். கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியின் சமையல்கட்டு அவர் பொறுப்பு. பாலில்லாமல் குடிக்கிற மாதிரி ஆறு தினுசு வாசனை டீ வேண்டும் என்று பெரியவரிடம் சொல்லிவைத்திருந்தாராம். "அண்ணாத்த இல்லன்னா இன்னா, நீங்க குடுங்க" என்றார். என் கணவரும் கொடுத்தார். இரண்டாம் நாளே ஆறு பொட்டலமும் திரும்பி வந்தன. அன்று மத்தியானம் என் கணவர் முதல்முறையாகத் திரைக்கு வெளியே வந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

"சம்சாத்து, நீ டீ போட்டு அண்ணிக்கு உள்ள குடு. எப்படி கீதுன்னு கேட்டு வா."

"இத்தாவுல இருக்கிறவங்களுக்கு வாசனை ஆகாதுங்க. ரோஜா இதழ் எல்லாம் போட்டிருக்கு" என்றேன்.

"பூசறதுதான் ஆகாது. குடிச்சிட்டுத் துப்பச் சொல்லு."

இப்படி ஆரம்பித்தது. தினமும் மூன்று கோப்பை திரைக்குள் போகும், மூன்று வார்த்தை திரைக்கு வெளியே வரும். போட்டுக் கொண்டுபோவதும் நான், தீர்ப்பைக் கொண்டுவருவதும் நான். லாத்தா இப்போது புதுப் பெண் என்றோ பஸ் என்றோ சொல்வதில்லை. "சுக்கு கம்மி", "இலை பழசு", அவ்வளவுதான். வெள்ளைச் சேலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லுவார். கோப்பையைத் திருப்பி வாங்கும்போது எனக்கு அழுகை வரும். அவர் சிரித்துக் குடித்ததைக் கேட்டவள் நான்.

ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். கோப்பையைத் தொடவில்லை. "நீயே குடிச்சிட்டு ஏதாவது சொல்லிடு, சம்சாத்து" என்றார். குடித்தேன். கிச்சிலித் தோல் டீ. முதல் வாய் நன்றாக இருந்தது, விழுங்கின பிறகு ஒரு கசப்பு நின்றது. "தோலோட வெள்ளைச் சதையச் சுரண்டாமக் காய வச்சிருக்காங்க" என்றேன், என்னையறியாமல். லாத்தா படுத்தபடியே திரும்பி என்னைப் பார்த்தார். "அதேதான். போய் அதையே சொல்லு" என்றார். வெளியே போய்ச் சொன்னேன். என் கணவர் தலையை ஆட்டி, "அண்ணி நாக்கு நாக்குதான்" என்றார். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

தை பிறந்ததும் ஒரு காலை, நாஸ்தா சாப்பிட்டுக் கை கழுவும்போது, தேதி விசாரிப்பது போல என் கணவர் சொன்னார்.

"இத்தா முடிஞ்சா அண்ணி கோவளத்துக்கு அவங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடுவாங்க. அப்புறம் கடைய இழுத்து மூட வேண்டியதுதான். வூட்டோட இருக்கணும்னா ஒரு வழிதான் கீது. நான் நிக்காஹ் பண்ணிக்கிறேன்."

என் கையில் சொம்பு இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"லாத்தாகிட்டக் கேட்டீங்களா?"

"இத்தாவுல இருக்கிறவங்ககிட்டக் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. பாவம்." அதில் மட்டும் ஆள் கறார். "முடிஞ்ச மறுநாளே பெரியவங்க நாலு பேர வச்சிக் கேப்போம். நாலு பேர் முன்னால மாட்டேன்னா சொல்லுவாங்க?"

சொல்ல மாட்டார். அது எனக்கும் தெரியும். லாத்தாவுக்கு முகத்துக்கு நேரே மறுக்கத் தெரியாது. டீ நன்றாக இல்லை என்பதைக்கூட பஸ்ஸைக் காட்டிச் சொல்கிறவர். என்னிடம் என் கணவர் சம்மதம் கேட்கவில்லை. பிள்ளை பெறாதவளிடம் ஊரில் யாரும் கேட்கச் சொல்லவும் மாட்டார்கள். எனக்கு எங்கே போக்கிடம்? பெற்றவர்கள் போன பிறகு மதுராந்தகத்து வீட்டில் என் பெயரையே மறந்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே என்னைக் கூப்பிட்டுக் கடிதம் எழுதச் சொன்னார். என் கையெழுத்து அழகாக இருக்குமாம், அந்த ஒரு பெருமை எனக்குண்டு. லாத்தாவின் அண்ணன் அப்துல் சுபஹானுக்கு: இத்தா மார்ச் ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை முடிகிறது, தாங்கள் எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை வந்து தங்கையை அழைத்துப் போகவும். நடுவில் ஏழாம் தேதி திங்கட்கிழமை என்ன நடக்கப்போகிறது என்பது கடிதத்தில் இல்லை. அதை எழுதினதும் இந்தக் கைதான்.

மறுநாள் கோப்பையோடு உள்ளே போய் எல்லாவற்றையும் லாத்தாவிடம் சொன்னேன். அவர் கோப்பையைக் கையில் வைத்தபடியே கேட்டார். டீ ஆறிப்போனது.

"உன் வூட்டுக்காரர நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா சம்சாத்து, எனக்கு இந்த அறைய விட்டு வெளிய போகணும். இங்க மூச்சு வுட்டா தேயிலை வாசனை. அவரு இல்லாத தேயிலை வாசனை" என்றார். பிறகு, "அத்தன பேர் முன்னால கேட்டா நான் தலைய ஆட்டிடுவேன். எனக்கே என்ன நம்ப முடியல" என்று சொல்லி அழுதார். நானும் அழுதேன். இரண்டு பேர் அழுது ஒரு வழியும் பிறக்கவில்லை.

வழி பிறந்தது பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி. மக்ரிப் நேரம், சூரியன் அப்போதுதான் இறங்கியிருந்தது, கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். லாத்தா அறையின் பின்வாசல் வழியாக வந்து என் பக்கத்தில் நின்று மேற்கே பார்த்தார். சுவருக்கு மேலே பிறை, நகம் வெட்டிப் போட்ட மாதிரி. லாத்தா விரலை மடக்கினார்.

"அவரு போனது முதல் பிறையில. இதோட நாலு மாசம் முழுசா முடிஞ்சிடுச்சி. இன்னும் பத்தே நாளு."

"ஆறாம் தேதின்னு கேலண்டர்ல செவப்பு மையில வட்டம் போட்டு வச்சிருக்காரே?"

"அது இங்கிலீஷ் மாசம், சம்சாத்து. கடைக்கு லாரி வர்ற கணக்கு. இத்தாவுக்குப் பிறைதான் கணக்கு. ஒண்ணாம் தேதியோட என் இத்தா முடிஞ்சிடுது."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஐந்து நாள். சரக்கு வருவது, போவது, வாடகை, எல்லாவற்றையும் இங்கிலீஷ் தேதியிலேயே வைத்துப் பழகின மனுஷர், அண்ணன் பெண்டாட்டியின் இத்தாவையும் அதே கேலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். நாலு மாதத்துக்குப் பிறகு லாத்தா சிரித்தது அன்றுதான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மார்ச் இரண்டாம் தேதி புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, என் கணவர் கடையில் இருக்கும்போது, லாத்தா குளித்து, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, ஒரு பையோடு கொல்லைக் கதவு வழியாக வெளியே வந்தார். தெருவில் எலெக்‌ஷன் ஜீப் ஒன்று கத்திக்கொண்டு போனது. வெயிலைப் பார்த்துக் கண் கூசி நின்றுவிட்டார். தெருமுனை வரை போனேன். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ், அங்கிருந்து கோவளம்.

"எங்க ஊரு ஜமாத்துல எனக்கு இஷ்டமில்லன்னு அண்ணன வச்சிச் சொல்லிடணும். அதுக்கு நாலஞ்சு நாள் ஆவும். அதுக்குள்ள உன் வூட்டுக்காரருக்குத் தெரிஞ்சா, பெரியவங்கள ஏத்திகினு கோவளத்துக்கே வந்து நிப்பாரு" என்றார்.

"தெரியாது. நான் பாத்துக்கிறேன்."

என் கையைப் பிடித்தார். "நீயும் வாயேன்."

"எனக்கு எங்க லாத்தா?" என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டார். நான் வீட்டுக்குத் திரும்பி அறைக்குள் போய், திரையைச் சரியாக இழுத்துவிட்டேன்.

ஐந்து நாள் அந்தக் காலி அறையைக் காவல் காத்தது அந்தத் திரைதான். அந்நிய ஆண் எட்டிப் பார்க்கக் கூடாது. என் கணவர் பார்க்க மாட்டார், அந்த விஷயத்தில் அவரை நம்பலாம். தட்டில் சோறு எடுத்துக்கொண்டு உள்ளே போவேன், நானே சாப்பிட்டுவிட்டு வெறும் தட்டோடு வருவேன். இரண்டு பேர் சோற்றைத் தின்று வயிறு உப்பியது. கோப்பைகளும் உள்ளே போயின. போட்டதும் நான், குடித்ததும் நான், பெரியவர் இருந்திருந்தால் சட்டப்படி என்னைத் தள்ளுபடி செய்திருப்பார்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். டீப்பெட்டி மேல் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, யாரும் கூப்பிடாமல், ஒரு கோப்பையைக் கடைசி வரை குடித்தேனே, அந்த மாதிரி சந்தோஷம் எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. நன்னாரி டீ தொண்டையில் இறங்கிய பிறகுதான் இனிக்கிறது என்று கண்டுபிடித்தேன். ரோஜா இதழை இலையோடு கொதிக்கவிடக் கூடாது, இறக்கிய பிறகு போட வேண்டும் என்று கண்டுபிடித்தேன். சுக்கு டீயைக் குடித்துவிட்டு நானே, "இது என் மாமியாரு. போன பிறகும் காரம் போவல" என்று சொல்லி நானே சிரித்துக்கொண்டேன். பதில் சிரிப்பு சிரிக்கத்தான் ஆள் இல்லை.

வியாழக்கிழமை ஏசுதாஸ் வந்து மூக்கால் அழுதார். "இங்க குடிச்சா தேனா கீது. அங்க போட்டா சப்புனு பூடுது. எனக்குப் பேஜாராப் போச்சு, பாய்." என் கணவர் திரைப் பக்கம் கை காட்டி என்னை உள்ளே அனுப்பினார். உள்ளே போய் உட்கார்ந்து யோசித்தேன். அதே தூள், அதே அளவு. மாறுவது என்ன? வெளியே வந்து, "லாத்தா கேக்கிறாங்க, அங்க எந்தத் தண்ணியில போடுறீங்கன்னு" என்றேன்.

"விடுதிக் கெணத்துத் தண்ணிதான். கடலோரமாச்சே, லேசா உப்பு அடிக்கும்."

"அந்தத் தண்ணியில ஒரு டின்னு கொண்டாரச் சொல்றாங்க."

வெள்ளிக்கிழமை டின் வந்தது. இரண்டு நாள் அந்த உப்புத் தண்ணீரில் ஆறு தினுசையும் போட்டுப் போட்டுப் பார்த்தேன். கிச்சிலித் தோலைக் கூட்டினேன், ஏலக்காயைப் பாதியாகக் குறைத்தேன், எலுமிச்சைப் புல்லோடு ரெண்டு மிளகு தட்டிப் போட்டேன். நாக்கு மரத்துப்போகும், மோர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன். சனிக்கிழமை சாயங்காலம் அளவுகளை லாத்தா சொன்னதாகச் சொல்லி என் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏசுதாஸ் சொல்லி அனுப்பினார்: வெள்ளைக்காரர்கள் இரண்டாம் கோப்பை கேட்கிறார்களாம்.

அன்றுதான் சிவப்பு மை வட்டம். மக்ரிப் பாங்கு சொன்னதும் நான் அந்த அறையிலேயே தொழுதுவிட்டு விளக்கேற்றி உட்கார்ந்திருந்தேன். ஐந்து நாளில் அந்த அறை எனக்குப் பழகிவிட்டது. செருப்புச் சத்தம் வந்து திரைக்கு வெளியே நின்றது. தொண்டைக் கனைப்பு. பாங்கு முடியட்டும் என்று காத்திருந்து வந்திருக்கிறார்.

"அண்ணி, நான் நூர்முகமது. உங்க இத்தா முடிஞ்சிடுச்சி. இதுக்கு முந்திக் கேட்டா பாவம்னு வாயக் கட்டிகினு இருந்தேன். நாளைக்குப் பெரியவங்க வருவாங்க. அதுக்கு முந்தி நானே ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு வந்தேன்."

நான் விளக்கைச் சற்றுத் தணித்தேன்.

"அந்த உப்புத் தண்ணி யோசனை ஒண்ணு போதும் அண்ணி. எங்கண்ணனுக்குக் கூட அது தோணியிருக்காது. உங்க அறிவுக்கு முன்னால நானெல்லாம் ஒண்ணுமே இல்ல. ராணி மாதிரி வச்சிக்கிறேன். சம்சாத்த நெனச்சிக் கவலப்படாதீங்க. அவ வாயில்லாப் பூச்சி. டீய எடுத்தாந்து குடுக்கத்தான் தெரியும், வேற இன்னா தெரியும் அவளுக்கு?"

என் கணவர் என்னைப் பாராட்டிய முதல் நாள் அது. பாராட்டுகிறோம் என்பது அவருக்குத்தான் தெரியவில்லை. ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, அந்த வெட்கத்தை இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த கணம் நெஞ்சு எரிந்தது. எழுந்து திரையை விலக்கினேன்.

அவர் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. எனக்குப் பின்னால் அறையைப் பார்த்தார். பெட்டிகள், பாய், உப்புத் தண்ணீர் டின்.

"அண்ணி எங்க?"

"கோவளத்துல. இத்தா முடிஞ்சி அஞ்சு நாளாச்சு. நீங்க கேலண்டரப் பாத்தீங்க, அவங்க பிறையப் பாத்தாங்க. இஷ்டமில்லன்னு ஜமாத்துல சொல்லிட்டாங்க, காலையில நீங்க கடையில இருக்கும்போதுதான் தகவல் வந்துது."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். ஓர் அடி விழும் என்றுகூட நினைத்தேன். அவர் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இந்தத் தண்ணி..."

"நான்தான்."

திரும்பி வெளியே போய்விட்டார். மறுநாள் வந்த பெரியவர்களுக்கு நாஸ்தா மட்டும் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையிலிருந்து வந்தார். கையில் பொட்டலங்கள். அவற்றை என்னிடம் நீட்டி, "போட்டுக் குடிச்சிட்டுச் சொல்லு. அந்த அறையிலேயே உக்காந்துக்க. திரை இருக்கட்டும். வூட்டுப் பொம்பள ருசி பாக்கிறான்னு வெளிய தெரிய வேணாம்" என்றார். மன்னிப்பு இல்லை, கோபமும் இல்லை. கடைக்கு நாக்கு கிடைத்துவிட்டது. ஆள் மாறினது அவருக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

அந்தப் பச்சைத் திரையைப் பார்த்தேன். லாத்தாவுக்கு நாலு மாதம் பத்து நாள். எனக்கு எந்தப் பிறையில் முடியும் என்று யாரும் சொல்லவில்லை.

"போட்டவங்க ருசி பாக்கக் கூடாது. உங்கண்ணன் வச்ச சட்டம். நீங்க போடுங்க" என்றேன்.

நீட்டிய பொட்டலங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பம்ப் ஸ்டவ் முன்னால் குந்தி உட்கார்ந்தார். பற்றவைக்கத் தெரியாமல் மூன்று குச்சி வீணாக்கினார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கோப்பை டீயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நன்னாரி. குடித்தேன். தொண்டையில் இறங்கியதும் இனித்தது. நான் போட்டதைப் போலவே நன்றாக இருந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இல்ல" என்றேன்.

கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு, மறுபடியும் தண்ணீர் வைத்தார். அன்று அவரை நாலு தடவை போட வைத்தேன்.